எட்டாம் தளமும் பதினோராம் தளமும்

கப்பல் என்றால் கப்பலா அது! ஒரு தெருவைப் பெயர்த்து, அதன் தலையில் இன்னொரு தெருவை வைத்து, அப்படியே அடுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது. துறைமுகத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்த தையல் டீச்சருக்குக் கழுத்து வலித்ததே தவிர, கப்பல் முடிந்தபாடில்லை. உள்ளே போனால் லிஃப்ட், கடைகள், சினிமா, நீச்சல் குளம், பிள்ளைகள் சறுக்கி விழ ஒரு பெரிய குழாய். சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையில் தட்டோடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், பணக்காரர்கள்கூட வழிதவறிய பிள்ளைகள்போல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதே ஒழிய மனதில் ஏறவில்லை. இந்த ஒரு வாரமும் அவரோடு ஒரே அறையில் இருக்கப்போகிறோம் என்பதுதான் அவள் மனது முழுக்க.

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் அல்ல. பிள்ளைகள் பிரித்தார்கள் என்று சொன்னால் அதுவும் பாவம். யாரும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்ன சமயத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "ரெண்டு மாசம் எங்கூட வந்து இரும்மா" என்றாள். வேறு ஊரில் இருந்த மகனுக்கோ பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர ஆளில்லை. "வேற வீடு பாக்குற வரைக்கும் அப்பா இங்க இருக்கட்டும்" என்றான். அந்த இரண்டு மாதம் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீடு பார்க்கும் பேச்சை முதலில் தள்ளிப்போட்டார்கள், அப்புறம் மறந்தே போனார்கள். இவர்கள் இருவரும் மறக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. சாயங்காலம் போனில் பேசிக்கொள்வார்கள், அதிலும் பாதி பேரப்பிள்ளைகளின் கூச்சல்.

இப்போது இவர்களுடைய கல்யாண நாளுக்காக அண்ணனும் தங்கையும் சேர்ந்து கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். செய்தி வந்த நாளிலிருந்து டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருக்கு இரண்டு சட்டை தைத்தாள். படுத்ததும் அவருக்குக் கெண்டைக்கால் இழுக்குமே என்று தைலப் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். நானே தேய்த்துவிட்டு எத்தனை நாளாச்சு என்று நினைத்தபோது, இந்த வயதில் இது என்ன என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கப்பலில் ஏறியதும் அறைக் கதவைத் திறக்கும் அட்டைகளை மகன் வாங்கி வந்தான்.

"அப்பா, இது உங்களுது. எட்டாம் தளம்."

"அம்மா, நாம பதினொண்ணு. வா, லிஃப்ட் வந்துடுச்சு" என்றாள் மகள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் எந்த ரூம்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் எங்க வீட்டு ஆளுங்களுக்குப் போட்டேம்மா. அண்ணன் அவன் வீட்டு ஆளுங்களுக்குப் போட்டான். நாலு பேருக்கு ஒரு ரூம் கணக்கு சரியா வந்துச்சா, அதனால எதுவுமே தோணல."

எப்படித் தோன்றும்? மகன் வீட்டு ஆட்கள் என்றால் மகன், மருமகள், பேரன், அப்பா. மகள் வீட்டு ஆட்கள் என்றால் மகள், மாப்பிள்ளை, பேத்தி, அம்மா. அப்படித்தானே பழகிப்போயிருந்தது? கல்யாண நாள் யாருக்கு என்று யோசித்தவர்கள், அந்தக் கல்யாணத்தில் யாருக்கு யார் என்று யோசிக்கவில்லை. படித்த பிள்ளைகள், ஆபீஸில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள், ஒருத்தருக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

மகன் பாவம், ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான். கப்பல் முழுக்க நிரம்பிவிட்டதாம். "விடுங்கப்பா, படுக்குறதுக்கு மட்டும்தானே ரூம். பகல் பூரா எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கப்போறோம்" என்றான்.

"அதுக்கென்ன, அதுக்கென்ன" என்றார் டிரைவர். டீச்சர் பெட்டியைத் திறந்து, தைலப் பாட்டிலை எடுத்து லிஃப்ட் வாசலிலேயே அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகனுக்குப் பின்னால் நடந்தார்.

பதினோராம் தளத்து அறை அழகாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று படுக்கை, பால்கனி, அதற்கு வெளியே கடல். டீச்சருக்குச் சுவரோரம் சோபாவை இழுத்துக் கட்டிலாக்கிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதே அறையில் இருக்கிறாரே என்று குளியலறைக்குள் புகுந்துதான் புடவை மாற்ற வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். புரண்டு படுக்கக்கூடக் கூச்சமாக இருந்தது. வீட்டிலாவது அவளுக்கென்று ஒரு கூடம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து வெளியே வந்தாள். கப்பலின் பக்கவாட்டில் உயிர்காக்கும் படகுகள் தொங்குகிற இடத்துக்குக் கீழே நீளமான நடைபாதை. மரப்பலகைத் தரை, ஓரமாகச் சில நாற்காலிகள். அங்கே டிரைவர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். சொல்லிவைத்துக்கொண்டு வரவில்லை. விடிகாலையில் முதல் பஸ் எடுத்தே பழகிய மனுஷன், எங்கே போனாலும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"தூங்குனீங்களா?"

"எங்க! பேரன் ராத்திரி பூரா உதைக்கிறான். பந்து விளையாடுற கனவு போல." டிரைவர் எப்போதும் நேராகப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். பேச்சுக்குத் தலை திருப்பினால் பஸ் எங்கேயாவது போய் மோதிவிடும் என்கிற பயம் உடம்பில் ஊறிவிட்டது. "இவ்ளோ பெரிய வண்டிய ஓட்டுறவன் எங்க உக்காந்திருப்பான்னு நேத்துலருந்து தேடுறேன் டீச்சரம்மா. ஆள் அகப்படல."

"கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறீங்க? நீங்க கொஞ்ச நேரம் ஓட்டப்போறீங்களா?"

"ஹாரன் மட்டும் ஒரு தடவை அடிச்சுப் பாக்கணும்."

டீச்சர் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். போனில் வருகிற குரலுக்கு மூச்சு கிடையாது. இதற்கு மூச்சு இருந்தது, தைல வாசனை இருந்தது.

ஆனால் அதிக நேரம் விட்டுவைத்தார்களா? மருமகள் பேரனோடு வந்துவிட்டாள். "மாமா, இவனைக் கொஞ்சம் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? நாங்க ஜிம்முக்குப் போயிட்டு வந்துடுறோம்." மத்தியானம் மகள் வந்தாள். "அம்மா, பாப்பா தூங்குறா, பக்கத்துல இரு. நாங்க ஷோ பாத்துட்டு வந்துடுறோம்." யார் மேலும் தப்பில்லை. சம்பாதிக்கிற பிள்ளைகளுக்கும் ஓய்வு வேண்டாமா? ஊரில் பார்த்த அதே வேலையைக் கடலுக்கு நடுவில் அவர் எட்டாம் தளத்திலும் இவள் பதினோராம் தளத்திலும் பார்த்தார்கள். கப்பல் மட்டும்தான் நகர்ந்தது.

இருந்தாலும் விடிகாலை அவர்களுடையதாகவே இருந்தது. பயணம் பாதி முடிந்த ஒரு காலையில் டீச்சர் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நாம ஒரு சின்ன வீடா பாத்து இருந்துக்கலாமா? ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு போதும். உங்க பென்ஷன் இருக்கு. நானும் தைச்சுக் குடுப்பேன்."

டிரைவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கன்னத்துச் சதை லேசாக அசைந்தது.

"நீ கேக்கமாட்டேன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்க கேட்டிருக்கலாமே."

"உனக்கு மக வீடு பிடிச்சுப் போச்சோன்னு..."

"ஆமா, பிடிச்சுத்தான் போச்சு. துணி மடிக்கவும் பாத்திரம் கழுவவும் யாருக்குத்தான் பிடிக்காது?"

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் அந்த வீட்டிலேயே குடியிருந்தார்கள். சமையலறையில் ஜன்னல் இருக்க வேண்டும் என்றாள் அவள். காலை டீ நான் போடுவேன் என்றார் அவர். உங்க டீயைக் குடித்தால் அன்றைக்குப் பூரா வாய் கசக்கும் என்றாள். அதற்கு ஒரு சண்டை. சண்டை போடக்கூட ஒரு வீடு வேண்டுமே என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

"பிள்ளைங்ககிட்ட நான் சொல்றேன்" என்றார் டிரைவர். "கடைசி நாள் எல்லாரும் ஒண்ணா சாப்பிடுறப்போ சொல்லிடுறேன். நீ கவலப்படாத."

அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் டீச்சர் கப்பலையே பார்த்தாள். கண்ணாடி லிஃப்டில் வேண்டுமென்றே மேலும் கீழும் போய்வந்தாள். பேத்தியோடு ஐஸ்கிரீம் தின்றாள். "அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கிச்சுடா" என்று மகள் அண்ணனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கடைசி நாள் விருந்துக்குக் கப்பல்காரர்கள் பெரிய மேஜை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் கேக்கைக் கொண்டுவந்து வைத்துக் கைதட்டிப் பாடினார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் தட்டினார்கள். மகன் கண்கலங்க எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். "அப்பா, ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா" என்றான்.

டிரைவர் எழுந்தார். அவள் தைத்த சட்டையில் இருந்தார். டீச்சர் மடியில் கிடந்த துணியை விரல்களில் சுற்றிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்" என்றார் டிரைவர். மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எதையோ மென்று விழுங்கினார். "இப்படிப் பிள்ளைங்க யாருக்குக் கிடைப்பாங்க? எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சர் அவரைப் பார்த்தாள். அவர் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போனதும் தனியா ஒரு வீடு எடுத்து இருந்துக்குறோம்."

மாப்பிள்ளைதான் முதலில் ஆரம்பித்தார். "என்ன அத்தை, கப்பல் காத்து வேலையைக் காட்டிடுச்சா? தனிக்குடித்தனம் கேக்குறீங்க!" மகன் குபீரென்று சிரித்தான், மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மாவுக்கு வெட்கத்தப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு மேஜையைச் சுற்றிவந்தது.

டிரைவரும் சிரித்தார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதடு துடித்தது. "நான் உனக்கு என்னம்மா குறை வெச்சேன்? சொல்லு. நான் ஆபீஸ் போறேன்னுதானே எல்லா வேலையும் உன் தலையில விழுது? எனக்குத் தெரியாதா?" என்று அழத் தொடங்கிவிட்டாள். பேத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளும் அழுதாள்.

டீச்சர் எழுந்துபோய் மகளின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "அடியே பைத்தியம், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டி. உங்கப்பா போடுற டீயை யாரு குடிக்கிறது?" என்றாள். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள், இந்த முறை மகளும்.

காலையில் கப்பல் துறைமுகத்தில் நின்றது. இறங்குவதற்குத் தளவாரியாக நிறம் கொடுத்திருந்தார்கள். எட்டாம் தளத்துக்கு மஞ்சள், பதினோராம் தளத்துக்குப் பச்சை. நிறத்தைக் கூப்பிடும்வரை கூடத்தில் காத்திருக்க வேண்டும். மகள் குடும்பம் பால் வாங்கப் போயிருந்தது. டிரைவர் தேடிக்கொண்டு வந்து டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"பிள்ளைங்க முகம் வாடிடுமேன்னுதான்..."

"என் முகத்தப் பாத்தீங்களா?"

டிரைவர் தலையைத் திருப்பினார். அவளைப் பார்த்தார்.

"அடுத்த தடவ கண்டிப்பா நானே சொல்றேன்" என்றார் மெதுவாக.

"விளையாட்டுன்னு நானே சொல்லிட்டேனே. இனிமே என்னத்தச் சொல்றது?"

ஒலிபெருக்கி மஞ்சளைக் கூப்பிட்டது. கூடத்தின் மறுகோடியிலிருந்து மகன் கையாட்டினான், "அப்பா, வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு." டிரைவர் எழுந்தார். அவள் கையைத் தொடப்போனவர், பேரன் ஓடி வருவதைப் பார்த்து அந்தக் கையாலேயே அவன் பையை வாங்கிக்கொண்டார். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், மூன்றாவது முறை கூட்டம் மறைத்துவிட்டது.

கையில் பெட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, யாரும் இல்ல. உக்காருங்க" என்றாள் டீச்சர்.