முதல்லேர்ந்து, சார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது.

விமானங்களைப் பின்னுக்குத் தள்ளும் வண்டியை முப்பத்திரண்டு வருடம் ஓட்டினேன். ஊரெல்லாம் முன்னேறுவதற்குச் சம்பளம் வாங்க, நான் ஒருவன்தான் பின்னால் போவதற்கு வாங்கினேன். தள்ளுவதற்கு முன் விமானத்தின் மூக்கில் ஹெட்போன் ஒயரைச் சொருகுவேன், கேப்டனோடு பேசத்தான். மேலே அவர்கள் மைக்கை அணைக்க மறந்துவிட்டால், அடடா! முன்வரிசையில் நாடகம், டிக்கெட் இல்லாமல்.

2

தொடக்கம், முதல் வரைவு: "பனி படர்ந்த ஓடுபாதையில் அந்த இரும்புப் பறவை..." அடித்துவிட்டேன். பனி இல்லை. பறவை என்றால் அதற்கே சிரிப்பு வரும்.

இரண்டாம் வரைவு: "அவளுடைய கரிய விழிகள்..." அதையும் அடித்துவிட்டேன். மூக்குக்கு அடியில் நிற்பவனுக்கு விழி எங்கே தெரியும்? குரல்தான் தெரியும்.

குரலுக்குச் சொந்தக்காரி துணை விமானி. எல்லோரும் வைத்த பெயர் 'முதல்லேர்ந்து'. கிளம்பும் முன் பன்னிரண்டு வரிப் பட்டியல் ஒன்றை அவள் உரக்க வாசிக்க வேண்டும், கேப்டன் பதில் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது விதி. விதி எல்லோருக்கும் உண்டு. கடைப்பிடிக்கிற வியாதி அவளுக்கு மட்டும்.

அவள் மனதுக்குள் இப்போது புகுந்துகொள்கிறேன். கதை எழுதுகிறவனைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்த மாட்டார்கள். உள்ளே ஒரே கவலை. இன்றோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று எழுதப்போகிறவர் பக்கத்து இருக்கையில் இருக்கிற கேப்டன். அந்தப் படிவம் அவர் பையில்.

3

பட்டியலைத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் எண்ணெய் நிரப்புகிறவர் எட்டிப் பார்த்தார். "சார், இங்க ஒரு கையெழுத்து."

முதலிலிருந்து.

ஐந்தாவது வரியில் மூத்த பணிப்பெண். "கேப்டன், பதினாலாவது வரிசைல ஒருத்தர் ஜன்னல் சீட்டுதான் வேணும்னு அடம் பிடிக்கிறாரு."

"ஜன்னலக் கழட்டிக் கையில குடுத்துடுங்கம்மா."

முதலிலிருந்து. அப்புறம் கேப்டனின் கைபேசி. (விமானி அறையில் கைபேசி அணைந்திருக்க வேண்டும். அணைந்துதான் இருந்தது, மணி மட்டும் அடித்தது.) ஸ்பீக்கரில் அவருடைய வீட்டம்மா.

"தண்ணி மோட்டார ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? நூத்தியெண்பது பேர மேல தூக்கிட்டுப் போற மனுஷன் பேசற பேச்சா இது?"

இப்படிப் பதினோரு பேர் குறுக்கிட்டார்கள். (உண்மையில் மூன்று. ஓய்வு பெற்றவனுக்குப் பெருக்கல் இலவசம்.)

4

கேப்டனுக்குப் பொறுமை போனது. கிளம்பக் கொடுத்த நேரம் முடிய நான்கு நிமிடம். தவறினால் நாற்பது நிமிடம் காத்துக் கிடக்க வேண்டும்.

"ஏம்மா, நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். விட்ட எடத்துலேர்ந்து படி."

"எங்க விட்டோம் சார்?"

"ஆறாவது."

"நாலாவதுன்னு ஞாபகம் சார்."

"ஆறுன்னா ஆறு. படிவத்துல எழுதறதுக்கு நல்லதா ஏதாவது குடும்மா எனக்கு."

நாலாவது வரியில் என்ன? நிற்கிற விமானத்தின் சக்கரக் கால்கள் மடங்கிவிடாமல் மூன்று பூட்டுக் கம்பிகள் செருகியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன். கிளம்பும் முன் மூன்றையும் பிடுங்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் மேலே போனபின் அந்தக் கால் மடங்காது. கீழே நிற்கிற ஆள் பிடுங்கி, எண்ணி, ரிப்பன்களைத் தூக்கிக் காட்டுவார். அதைக் கேப்டன் பார்த்தாரா என்பதுதான் நாலாவது வரி.

அந்தக் கீழே நிற்கிற ஆள் யாரென்றால்...

(ஒரு நிமிடம். உள்ளேயிருந்து என் வீட்டம்மா: "ஏங்க, மீட்டர் பாக்க வந்திருக்காங்க, கதவத் தெறங்க! எழுதிக் கிழிச்சது போதும்!" போய்விட்டு வருகிறேன்.)

6

எங்கே விட்டேன்? ஆம், முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) அவள் வாயை மூடிக்கொண்டு ஆறாவதை வாசிக்கிறாள். மேலே போனபின் கால் மடங்கவில்லை. வட்டமடித்துத் திரும்புகிறார்கள். பழி யார் தலையில் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆ) வாயை மூடிக்கொள்கிறாள். ஒன்றுமே ஆகவில்லை. வேலை நிரந்தரம். இதுதான் மூன்றிலும் மோசம், நாளையும் மூடிக்கொள்வாள்.

இ) வாயைத் திறக்கிறாள். தாமதம், படிவத்தில் 'பிடிவாதக்காரி'. நீங்கள் கை தட்டுவீர்கள். கைதட்டலை வைத்து அவள் வீட்டு வாடகை கட்ட முடியாது.

7

இருங்கள். ஐந்து எங்கே?

நாலுக்குப் பிறகு ஆறு போட்டிருக்கிறேன். மீட்டர்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்து, விட்ட இடம் தெரியும் என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? சரி, கேப்டனைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்.

ஐந்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: கீழே நிற்கிற ஆள் நான். பிடுங்கி எண்ண வேண்டியவன், மோட்டார் சண்டையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் கையில் மூன்று ரிப்பன். எழுதும்போது பார்த்தால் இரண்டுதான் தெரிகிறது.

ஹெட்போனில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

"முதல்லேர்ந்து, சார்."

கேப்டன் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சக்கரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

அங்கே கம்பி இருந்ததா? சொல்ல மாட்டேன். இருந்தது என்றால் அவளைக் கெட்டிக்காரி என்பீர்கள், இல்லை என்றால் வீண் பிடிவாதம் என்பீர்கள். மூச்சை இழுத்தபோது அவளுக்கு இரண்டும் தெரியாது. படிவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், நடுவில் ஒரு எண் தவறியிருக்கிறது, விதி உங்களுக்கும்தான்: ஒன்றிலிருந்து வாசியுங்கள்.

அதுவரை நான் வண்டியை எடுப்பதாக இல்லை.