சம்பந்தியின் மீசை

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றால் எந்த அப்பனுக்கும் முதுகு தானாக வளையும். சலூன்காரருக்கும் வளைந்தது. சம்பந்தி நாற்காலியில் சாய்ந்து நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

“கருகருன்னு ஆக்கிடுங்க. சாயங்காலம் ஃபோட்டோ எடுக்கணும்.”

“முன்னாடி டை போட்டு அரிப்பு, வீக்கம் ஏதாவது வந்திருக்கா சம்பந்தி?”

“எங்க பரம்பரையிலயே யாருக்கும் அரிச்சதில்ல.”

“இருந்தாலும் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வெச்சுப் பார்ப்போம். ரெண்டு நாள் ஒண்ணும் ஆகலைன்னா மீசைக்குப் போட்டுடலாம்.”

“ரெண்டு நாளா? என்ன, மீசைக்கு நாள் பாக்குறீங்களா?”

சலூன்காரர் சிரித்து மழுப்பிப் பொட்டை வைத்துவிட்டார். சம்பந்திக்கு உடனே தேநீர் தாகம் எடுத்தது. சலூன்காரர் மரியாதை தெரிந்தவராயிற்றே, தானே வாங்கப் போனார். திரும்பி வந்தால் டை கலக்கிய கிண்ணம் காலி. மீசையும் கன்னத்தில் பாதியும் கறுப்பு.

“இதுக்குப் போய் ரெண்டு நாள்ன்னீங்களே” என்றார் சம்பந்தி பெருமையாக.

“முதல்ல கழுவுங்க.”

“ஊறட்டும்.”

ஊறியது. மேலுதடு உப்பத் தொடங்கியது. பரம்பரைக்கே இல்லாத அரிப்பு கழுத்துவரை இறங்கியது. சலூன்காரர் அதற்குமேல் மரியாதை பார்க்கவில்லை. பிடரியைப் பிடித்துக் குழாயடியில் குனியவைத்து, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ களிம்பை நீட்ட, “எதையும் தடவாதீங்க” என்று தடுத்தார்.

“சம்பந்தி, மூச்சு விட முடியுதா? தொண்டை அடைக்குதா?”

“அழைக்குழு” என்றார் சம்பந்தி.

அந்த ஒரு சொல்லே சலூன்காரருக்குப் போதும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். டை டப்பாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு கூடவே ஏறினார்.

ஊசி போட்டு வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்ததும் டாக்டர் கேட்டார்: “இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?”

“போன வருஷம் உதடு லேசா வீங்குச்சு. அதெல்லாம் ஒரு விஷயமா?” என்றார் சம்பந்தி அடக்கத்தோடு.

இனி ஆயுசுக்கும் டையைத் தொடக்கூடாது என்று எச்சரித்த டாக்டர், முறைத்தது மட்டும் சலூன்காரரை.

மறுநாளே சொந்தபந்தம் முழுக்கச் செய்தி பரவியது: காதுக்குப் பின்னால் வைத்த பொட்டு விஷமாகி வாய்க்கு ஏறிவிட்டதாம். இரவு மகள் போன் செய்தாள்.

“அப்பா, உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா மாமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்காரு. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்களேன்.”

கேட்டார். சம்பந்தியும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார்.