வீட்டில் தமிழ் வேண்டாம்

ஆறு மாதமாக அந்த வீட்டில் தமிழுக்குத் தடை. நாலரை வயதாகியும் பெண் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை, இரண்டு மொழி சேர்ந்து குழந்தையைக் குழப்புகிறது, வீட்டிலும் இந்த ஊர் மொழியே பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

அம்மாவுக்கு இந்த ஊர் மொழியில் தெரிந்ததெல்லாம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புழங்கும் சொற்கள்தான். போர்வை, உறை, கறை, சூடு, சீக்கிரம். அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் கொஞ்ச முடியுமா? 'வா', 'போ', 'சாப்பிடு', 'கூடாது' என்று நாலு சொல்லோடு அவள் பேச்சு முடிந்துபோனது. ஒரு காலத்தில் ஓயாமல் பேசுகிறாளே என்று மகளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். இப்போது அந்தக் குழந்தை மறந்துபோய், "அம்மா, அந்தப் பூனை..." என்று ஆரம்பித்தால் உதட்டில் விரலை வைத்து முறைத்தாள். இரண்டு முறை அடிக்கவும் கை ஓங்கினாள்.

அப்படியும் ஒன்றும் மாறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. அப்பா படித்துவிட்டு, கூடவே வந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அம்மாவின் கையெழுத்துக்காக இன்னொரு படிவம் இருந்தது. அவள் அதையும் கடிதத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் தினமும் போகும் பஸ்ஸை ஓட்டுவது ஒரு தமிழ்க்காரி. எல்லோருக்கும் டிரைவர் அக்கா. சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் நடத்துவாள். கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, அம்மா நீட்டிய கடிதத்தைப் படித்தவளின் முகம் மாறியது.

"பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி போதாதாம். தனிப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துறதா எழுதியிருக்காங்க. தெரியுமா உனக்கு?"

"ஏதோ உதவி பண்ணப்போறாங்கன்னு அவர் சொன்னாருக்கா."

"எந்த மொழியில சோதிச்சாங்க?"

"அவங்க மொழியிலதான்."

"தமிழ்ல ஒருத்தரும் கேட்கலையா?"

"தமிழே கூடாதுன்னுட்டாங்களேக்கா."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் அக்கா அசையவில்லை. "முடிவு பண்ண செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துல கூட்டம்னு போட்டிருக்கு. நானும் வர்றேன். அதுவரைக்கும் கையெழுத்து மட்டும் போட்டுடாத."

திங்கள் மாலை, மகள் காதில் தமிழ் விழக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள்.

"அவங்கல்லாம் படிச்சவங்க. பஸ் ஓட்டுறவங்க பேச்சைக் கேட்டு நீ ஆடாத."

"நம்ம பிள்ளை மக்குன்னு எழுதியிருக்காங்க. நீங்க அதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவன் குழாயை மூடிவிட்டு வெளியே போனான்.

கூட்டம் நடந்த அறையில் எல்லாம் குழந்தைகளுக்கான குட்டை நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை, கையில் கோப்போடு பேச்சுப் பயிற்சி தரும் இளம்பெண், அப்பா, அம்மா, நடுவில் ரேடியோ. டிரைவர் அக்கா சீருடையிலேயே வந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஷிப்ட். குழந்தையை வீட்டு மொழியிலும் சோதிக்காமல் முடிவு எடுக்கக் கூடாது என்று அவள் அந்த ஊர் மொழியில் நிதானமாகச் சொன்னாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம், அதற்கு மேல் இல்லை. தாய் வாய் திறக்கக் கூடாது.

இளம்பெண் கொடுத்த சோதனைப் பட அட்டைகளில் முதல் படத்தை டிரைவர் அக்கா காட்டினாள். "இது என்ன கண்ணு?"

குழந்தை பேசவில்லை. இரண்டாவது படம், மூன்றாவது படம். அப்பாவின் கால் தன்பாட்டுக்கு ஆடியது. இளம்பெண்ணின் பேனா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோடு போட்டது. அம்மா அந்தக் கோடுகளை எண்ணினாள். 'நானும் தப்புக் கணக்குப் போட்டுட்டேனோ? நிஜமாவே இதுக்கு ஒண்ணும் தெரியலையோ?'

அப்போதுதான் கவனித்தாள். மகள் படத்தையே பார்க்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை உதட்டுக்குப் போகிறதா, ஓங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்துவிட்டாள். தலைமையாசிரியை கையை உயர்த்தித் தடுத்தார். அவள் நிற்கவில்லை.

"பேசுடி தங்கம். தமிழ்லயே பேசு. அம்மா திட்ட மாட்டேன்."

"அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்டி. சத்தியமா மாட்டேன்."

குழந்தை படத்தைக் கையில் வாங்கியது. "இது நாய். ஆனா மாடி வீட்டு நாய் இல்ல. அது குண்டு." அடுத்த படம். "இவங்க குடையை மறந்துட்டாங்க. நனைஞ்சு போய் வீட்டுக்குப் போனா நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க." டிரைவர் அக்கா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். இளம்பெண் கோடு போடுவதை நிறுத்திவிட்டு மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

ஒரு அட்டை கீழே விழுந்தது. டிரைவர் அக்கா குழந்தையின் இடப்பக்கம் குனிந்து அதை எடுத்தபடியே, "உன் படத்துல இருக்கிற பாப்பா கையில என்ன?" என்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். குழந்தை கையிலிருந்த படத்திலேயே லயித்திருந்தது.

களைத்துவிட்டது, போதும் என்றார் தலைமையாசிரியை. டிரைவர் அக்கா புருவத்தைச் சுருக்கினாள். எழுந்து வலப்பக்கம் போய், அதே கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

"பலூன்" என்றது குழந்தை, உடனே.

இளம்பெண் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு குழந்தையின் பின்னால் போனாள். இடது காதுப் பக்கம் குலுக்கினாள். அசைவில்லை. வலது பக்கம் குலுக்கினாள். குழந்தை சட்டென்று திரும்பியது. வகுப்பில் இவள் எங்கே உட்காருகிறாள் என்று இளம்பெண் கேட்டாள். வலது ஓரத்தில், சுவரை ஒட்டி என்று தலைமையாசிரியை இழுத்து இழுத்துச் சொன்னார். ஆசிரியை, பிள்ளைகள், எல்லோருமே இடப்பக்கம்.

இளம்பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அவள் சொன்னதை டிரைவர் அக்கா அப்படியே தமிழில் சொன்னாள்: "காது கேட்கலைங்கறதை மொழி புரியலைன்னு நினைச்சுட்டாங்களாம். தமிழை நிறுத்தச் சொன்னதும் தப்பாம். மன்னிப்புக் கேட்கிறாங்க."

தலைமையாசிரியை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முடிவு தள்ளிவைக்கப்படுகிறது என்று மட்டும் சொல்லிக் கோப்பை மூடப்போனார். அம்மா கோப்பின் மேல் கையை வைத்தாள். புருஷன் போட்ட கையெழுத்து அதற்குள் இருந்தது.

"காகிதம்" என்றாள், தனக்குத் தெரிந்த அந்த ஊர் மொழியில். "கொடு. சீக்கிரம்."

கொடுத்தார்கள். வாங்கி நாலாகக் கிழித்தாள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்ததும் மகளின் வலப்பக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

காதுக்குள் வெகுநாளாக நீர் கட்டியிருந்ததாம். மூன்றாவது வாரம், நீர் மறுபடி சேராமலிருக்க டாக்டர் செவிப்பறையில் சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். வகுப்பில் இடம் மாற்றினார்கள். அந்த ஊர் மொழியும் ஒவ்வொரு சொல்லாக வர ஆரம்பித்தது. சனிக்கிழமை வகுப்புக்கு மகளைக் கூட்டிப்போன அம்மாவையே டிரைவர் அக்கா பிடித்து உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும் வேலையைக் கொடுத்துவிட்டாள்.

ஒன்று மட்டும் சீக்கிரத்தில் சரியாகவில்லை. வீட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ரேடியோ ஒரு கணம் அம்மாவின் கையைப் பார்ப்பாள். அம்மா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுடி" என்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. மாதக்கணக்கில் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.