சின்னவள் கைபட்ட நோட்டு

சலவைக்கடை வீட்டுச் சின்ன மருமகள் தொட்ட பணநோட்டு முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று இரண்டு தாளாகப் பிரிந்துவிடும். அந்தத் தெருவில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. கிழியாது, கசங்காது, சத்தமும் வராது. வெந்த முட்டையின் உள்தோல் உரிவதுபோல ஓரத்தில் லேசாக விட்டு, பிறகு முழுசாகக் கழன்றுகொள்ளும். இரண்டு தாளிலும் ஒரு புறம் படம் இருக்கும், மறுபுறம் வெறும் வெள்ளை.

அவள் புருஷன் கப்பலில் சமையல் வேலைக்குப் போன வருஷத்து மழைக்காலத்தில்தான் இது ஆரம்பித்தது. யாரோ சட்டைப்பையில் நோட்டை மறந்து வெளுக்கப் போட்டிருந்தார்கள். அவள் கவனிக்காமல் ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்த, ஆவி கிளம்பி, பைக்குள்ளிருந்த நோட்டு இரண்டாக வந்தது. சட்டைக்காரர் சத்தம் போட்டார். நனைந்த காகிதம், சூடு பட்டால் பசை விடத்தானே செய்யும் என்று புருஷனின் அண்ணன் சமாதானம் சொல்லி அனுப்பினார். ஆனால் அன்று சாயங்காலம் காய் வாங்கப் போனவள் கையிலிருந்த காய்ந்த நோட்டும் பிரிந்தது. மறுநாளும் அதே கதை. பழக்கடைக்காரரின் கல்லாவில் தெரியாமல் கைவைத்தபோது உள்ளே இருந்ததெல்லாம் பிரிந்து குவியலாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருக் கடைக்காரர்கள் அவளைக் கண்டால், "கொஞ்சம் தள்ளி நின்னு கேளும்மா" என்று மரியாதையாகவே சொல்லிவிடுவார்கள். எது முகம், எது முதுகு என்று பார்த்து ஒட்டிக்கொண்டு உட்கார யாருக்குப் பொழுது இருக்கிறது?

எல்லாரும் அவளைச் சின்னவள் என்பார்கள். கப்பல் போன பிறகு புருஷனிடமிருந்து இரண்டு தடவை தகவல் வந்தது, பிறகு நின்றுபோனது. கடையையும் வீட்டையும் நடத்தியவர் புருஷனின் அண்ணன், பெரியத்தான்தான். அவர் அவளை அடித்ததில்லை, ஏசியதில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. கடையில் அவளைப் போல இஸ்திரி போட ஆள் கிடையாது. அவள் மடித்த சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ள வாடிக்கைக்காரர்களுக்கே மனசு வராது. மாதம் பிறந்தால் பெரியத்தான் எல்லார் கண் முன்னாலும் கூலியை எண்ணி அவள் கையில் வைப்பார். வைத்த மாத்திரத்தில் அது இரண்டிரண்டாகப் பிரிந்து தரையில் சரியும். அவள் கூனிக் குறுகி நிற்பாள். அவர் குனிந்து ஒரு தாள் விடாமல் பொறுக்கி, "போகுது விடு. அடுப்புல போட்டுடறேன்" என்று எடுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை பாங்குக்கும் கொண்டுபோய்ப் பார்த்ததாகவும், அவர்கள் சிரித்ததோடு போலீசில் சொல்லிவிடுவதாக மிரட்டியதாகவும் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவள் பாங்கு இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சில்லறைக் காசெல்லாம் விலைவாசியில் செத்து வெகுகாலமாகிவிட்டதால் நோட்டு இல்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. ஒரு ஹேர்பின் வேண்டுமென்றாலும் பெரியத்தான் மனைவியான ஓரகத்தியிடம் சொல்ல வேண்டும், ஓரகத்தி பெரியத்தானிடம் சொல்ல வேண்டும். சின்னவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கைக்குத் துணி சுற்றினாள், இடுக்கியால் பிடித்தாள், ஓரகத்தியை விட்டே பைக்குள் நோட்டை வைக்கச் சொன்னாள். பையை அவள் தோளில் மாட்டியதும் உள்ளே அது பிரிந்து கிடந்தது. ஒரு தடவை அம்மாவைப் பார்க்க என்று பஸ் ஏறினாள். அம்மாவும் தங்கையும் இருந்த ஊர் ஒரு பகல் பயணம். கண்டக்டர் அவள் நீட்டிய இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பாலத்தண்டை விசில் அடித்தார். அவள் இறங்கி நடந்தே திரும்பினாள். பெரியத்தான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எங்கே போகணும்னாலும் சொல்லு, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கல்யாண சீசன் முடியட்டும் என்றார், பிறகு பாய்லர் மாற்றுகிற வேலை வந்தது, அப்புறம் ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து இறங்கின. வருஷங்கள் அப்படியே மடித்து அடுக்கப்பட்டன. புது பாய்லர் வந்த பிறகு கடைக்குள் ஆவி ஓயாமல் நின்றது. மேஜைக்கு எதிரே ஜன்னல் இருந்தது, ஆனால் கண்ணாடியில் எப்போதும் நீர் கோத்திருந்ததால் வெளியே போகிறவர்கள் நிறமாக மட்டும் தெரிவார்கள்.

பெரியத்தானுக்குப் பல்வலி வந்து படுத்த அன்று சின்னவள்தான் கவுண்டரில் நின்றாள். வெள்ளைச் சட்டை மட்டுமே போடுகிற பாங்குக் காசாளர் துணி வாங்க வந்தார். அவர் சகஜமாகப் பேசுகிற மனிதர். மாசாமாசம் உங்கள் அத்தான் கொண்டுவருகிற நோட்டைப் போலச் சுத்தமாகப் பிரிந்த நோட்டை இத்தனை வருஷ சர்வீசில் பார்த்ததில்லை, ஒரு ஓரம்கூடச் சிதைந்திருக்காது என்று மெச்சிக்கொண்டார்.

சின்னவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அதை வாங்கி என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? ரெண்டு தாளும் இருந்தா முழு நோட்டும்மா. மாத்திக் குடுத்தாகணும். ஒரு பக்கம் மட்டும் வந்தாத்தான் செல்லாது."

அவர் போன பிறகு அவள் மீதமிருந்த துணியை முடித்துத்தான் எழுந்தாள். பெரியத்தான் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். காசாளர் சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. பணம் வீட்டுக்குத்தான் போனது, பாய்லரே அதில் வாங்கினதுதான் என்றார். நாளைக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அங்க பார்க்க ஆள் இல்லம்மா," என்றார்.

"எப்போ?"

"ஓட்டல் விரிப்பு வந்துச்சே, அந்த வாரம். உன் தங்கச்சி கடைக்கு போன் பண்ணுச்சு. வேலை முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்ற வழி தெரியல."

அந்த வாரம் மடித்த விரிப்புகளின் மணம் அவளுக்கு நினைவிருந்தது. அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் தான் எந்த விரிப்பின் மூலையை இழுத்துப் பிடித்திருந்தேன் என்று யோசித்தாள். அழுகை வரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காத ஓரகத்தி, அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு சுருள் நோட்டை எடுத்து, புருஷன் பார்க்கவே கொண்டுவந்து சின்னவள் மடியில் போட்டாள். அது போட்ட இடத்திலேயே பிரிந்தது. இருவரும் உட்கார்ந்து முகங்களை ஒரு பக்கமும் முதுகுகளை ஒரு பக்கமுமாக அடுக்கினார்கள். முகங்களைப் புடவையின் ஒரு மூலையிலும், முதுகுகளை இன்னொரு மூலையிலும் ஓரகத்தியே முடிந்துவிட்டாள்.

"நீ போயிட்டா கடையை யார் பார்ப்பா?" என்று பெரியத்தான் கட்டிலிலிருந்து கேட்டார். அதைத் தவிர அவருக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. கேட்ட பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் இந்தத் தடவையும் இழுத்தடித்தார். இரண்டு பக்கமும் இருக்கிறது, பாங்கில் முழுசாக மாற்றிக் கொடுப்பார்கள், அதுதான் சட்டம் என்று அவள் சொன்னாள். பாலம் வந்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், பின்சீட்டுக்காரர் ஒருவர் அது செல்லும் என்று வாதாடத் தொடங்கியதால் அதை ஊத மறந்துபோனார். வழியெல்லாம் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டே வந்தது. பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிட்டது.

தங்கை கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "வர மனசில்லைன்னு நினைச்சோம்," என்றாள். சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து மூலை முடிச்சை அவிழ்த்துக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். தங்கை ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துப் பார்த்தாள். அது பிரிந்தது. பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். அம்மா கடைசிவரை வாசல் பக்கம் தலைவைத்துத்தான் படுத்திருந்தாள் என்பதைத் தங்கை சில மாதம் கழித்துத்தான் சொன்னாள்.

அந்த ஊர் மரப்பட்டறையை ஒட்டிய கொட்டகையில் சின்னவள் இஸ்திரி மேஜை போட்டாள். கூலி வாங்குவாள், பிரிப்பாள், வாரக் கடைசியில் பாங்கில் கொடுத்து, மாற்றுப்பணத்தைக் கையில் வாங்காமல் மளிகைக்கடைக் கணக்கிலேயே கட்டச் சொல்லிவிடுவாள். பெரியத்தான் ஒரு தடவை வந்தார், அவள் கூலியில் எடுத்துக்கொண்டதில் பாதிப் பணத்தை மேஜைமேல் வைத்தார், திரும்பி வரச் சொல்லிக் கேட்டார். அவள் அவர் சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, காலர் மடங்காமல் இஸ்திரி போட்டு அனுப்பிவைத்தாள். சில பகல்களில் ஆவி கிளம்பும்போது அவளுக்குப் பழைய கடைக்குள் நிற்பதுபோலவே இருக்கும். அப்போது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, எதிர்க்கடைப் பலகையில் இருக்கிற எழுத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவாள்.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருத்தி ஒருநாள் வாரக்கூலியோடு வந்து நின்றாள். புருஷன் எங்கே ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்து எடுத்துக்கொண்டுபோய்க் குடித்துவிடுகிறான் என்றாள். "இதைக் கொஞ்சம் தொட்டுக் குடுங்கக்கா. முன்பக்கம் நான் வச்சுக்கறேன். பின்பக்கம் உங்ககிட்ட இருக்கட்டும்."

சின்னவள் தொட்டுக் கொடுத்தாள். அந்த வாரம் புருஷன் முகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சாராயக்கடைக்குப் போய், அவை செல்லாமல் குடிக்காமலே திரும்பினான். விஷயம் பரவியது. பட்டறைக்காரர் மனைவி வந்தாள், தையற்காரி வந்தாள், மகன்களுக்குப் பயந்த ஒரு பெரியவர்கூட வந்தார். கொட்டகைச் சுவரில் ஆளுக்கொரு துணிப்பை தொங்குகிறது, உள்ளே அவரவர் பின்பக்கங்கள். தேவைப்படும்போது வந்து கேட்டு வாங்கிக்கொண்டு பாங்குக்குப் போகிறார்கள். பாங்கில் அதற்கென்று சனிக்கிழமை ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே உட்காருகிறவர் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, நிமிராமலே அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.