மாடியில் கிடந்த சாமி வேட்டி

பிரதமர் வருகிறார் என்றதும் பொன்னம்மைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் வேறு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் பழவங்காடிச் சந்திப்பில் வரவேற்பு வளைவு கட்டினார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் கறுப்புக்கொடி காட்டப்போவதாகச் சுவர் சுவராக எழுதினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கடையில் சாயா குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி. பொன்னம்மைக்கு மட்டும் வெடி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது அவள் புருஷன் ராஜையனின் வாய்.

ராஜையன் கொத்தனார். களியக்காவிளைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சாயாக்கடையில் யாராவது பேப்பரை விரித்துவிட்டால் போதும், ஆள் எழுந்து நின்றுவிடுவான்.

"உள்ளி வெலைய எறக்கத் தெரியாதவரு என்ன பிரதமராக்கும்? நம்ம ஓட்டுல போய் இருக்கப்பட்டவருதானே? நாம கேக்காம பின்ன ஆரு கேப்பா?"

கடையே கைகொட்டும். பொன்னம்மை வீட்டில் வைத்துக் கெஞ்சுவாள். "இஞ்ச பாருங்க, மலையாளத்தான் பேசினா அவனுக்குப் பொறத்த கட்சி நிக்கும், யூனியன் நிக்கும். நீங்க பேசினா பொறத்த நிக்கது நான் ஒருத்தியாக்கும்."

அவள் பயம் சும்மா வந்ததல்ல. சில வருஷங்களுக்கு முன்னால், தமிழ்நாட்டில் ஒரு பெரிய தலைவரைக் கொன்ற சமயத்தில், தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக அவள் தம்பி தங்கப்பனை ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. தங்கப்பன் எந்தத் தலைவரைப் பற்றியும் வாய் திறந்தவன் இல்லை. வாயில்லாதவனுக்கே அந்தக் கதி என்றால் ராஜையனுக்கு என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே மாட்டாள். நினைப்புதான் அவளை விடாது.

பொன்னம்மை வேலை பார்த்தது தளவாயின் லாட்ஜில். ரோட்டைப் பார்த்த கட்டிடம், ஐயப்பன் சீசனில் அறை கிடைக்காது. விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்து மாடிக் கயிற்றில் காயப்போடுவது அவள் பாடு. முதலாளி தளவாய் நாகர்கோவில்காரர், நல்ல மனிதர், பிரதமர் பக்தர். ஒருநாள் ராஜையனைக் கூப்பிட்டு வைத்துப் புத்தி சொன்னார்.

"வீட்டுக்கு அப்பன் மாதிரியாக்கும் நாட்டுக்குத் தலைவன். அப்பனுக்க கொறைய நடுத்தெருவுல சொல்லுவியாடே?"

"அப்பன நான் ஓட்டுப் போட்டு எடுக்கல்ல மொதலாளி" என்றான் ராஜையன். தளவாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. பொன்னம்மைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முதல் நாளே போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது. பிரதமர் போகிற வழியில் மாடி, ஜன்னல், வாசல் எங்கேயும் கறுப்பாக ஒரு நூல்கூடத் தெரியக்கூடாது. குடை கூடாது. கறுப்பு உடுத்த சாமிமார் யாரும் ரோட்டோரம் வரக்கூடாது. இது தளவாய்க்குத்தான் இடியாக விழுந்தது. அந்த வருஷம் அவரும் மாலை போட்டுக் கறுப்பு உடுத்திருந்தார். வரவேற்பில் முன்வரிசையில் நிற்க வேண்டுமே! மறுநாள் விடியற்காலையிலேயே குளித்துக் காவி வேட்டிக்கு மாறினார். பிரதமர் வருமுன் எடுத்துவிடலாம் என்று கறுப்பு வேட்டியைத் தன் கையாலேயே அலசி மாடியில் விரித்தார். மாலை போட்டவர் துணியை அவரேதான் துவைப்பார், அவரேதான் எடுப்பார். பொன்னம்மை அதன் பக்கம் போவதில்லை.

பிரதமர் வருகிற காலையில் ராஜையன் சட்டையை மாட்டிக்கொண்டு, "கறுப்புக்கொடி காட்டுகத ஒண்ணு பாத்துட்டு வாறேன்" என்றான். பொன்னம்மைக்கு உயிரே போய்விட்டது. லாட்ஜில் மெத்தை தூக்க ஆளில்லை என்று புளுகி அவனைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தாள். பின்கட்டில் விரிப்பு அடுக்குகிற அறைக்குள் அவனை விட்டாள். "செத்த இரிங்க, இப்ப வாறேன்" என்று சொல்லி வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். அவன் கதவைத் தட்டினான், கூப்பிட்டான், அப்புறம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. புத்திசாலித்தனமாகத்தான் செய்ததாக நினைத்தாள்.

கீழேயிருந்து தளவாய் கத்தினார். "பொன்னம்மை! மாடியில ஒரு துணி கெடக்கப்பிடாது, கேட்டியா?" சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். தன் வேட்டியும் அதே மாடியில்தான் கிடக்கிறது என்பதே பிரதமர் ஞாபகத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

அவள் எல்லாவற்றையும் உருவிச் சுருட்டினாள். கடைசியில் கறுப்பு வேட்டி மட்டும் கயிற்றில் நின்றது. கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அன்று வீட்டு விலக்கு. அதைச் சொன்னால் சீசன் முடிகிற வரை லாட்ஜ் பக்கமே வராதே என்பார் தளவாய். அதனால் சொல்லாமல் வந்திருந்தாள். வந்ததே குற்றம்; இதில் சாமி வேட்டியைத் தொடுவதாவது! தொட்டால் ஐயப்பன், தொடாவிட்டால் பிரதமர். இரண்டு பேரில் ஐயப்பன் பழைய ஆள். அவருக்கே முதலில் பயந்தாள். முதலாளியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம் என்று கீழே ஓடினால், அதற்குள் ரோட்டில் கயிறு கட்டி ஆள் கடக்க முடியாமல் மறித்துவிட்டார்கள். காற்று வேறு கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் வாசற்படியில் பூட்ஸ் சத்தம். ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள். நடுவில் தளவாய், காவி வேட்டியும் வியர்வையுமாக.

"ஆருடெ துணியாடோ மேலே? கரிங்கொடி காட்டானாணோ?" என்று எஸ்.ஐ. உறுமினார்.

"ஐயோ சாரே, நான் பிரதமருக்க ஆளாக்கும்! ஏதோ தங்க வந்த சாமிமாருக்கதா இருக்கும்" என்றார் தளவாய்.

அந்த நேரம் பார்த்து பின்கட்டுக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். எஸ்.ஐ.யின் கை இடுப்புக்குப் போனது. ஒரு போலீஸ்காரன் தாழ்ப்பாளைத் தள்ளினான். விரிப்புகளுக்கு நடுவே ராஜையன் நின்றான். பிரதமர் வருகிற நேரத்தில், கறுப்புத் துணி பறக்கிற கட்டிடத்தில், ஒரு ஆளைப் பூட்டி ஒளித்து வைத்திருந்தால் எந்தப் போலீஸ்காரன் என்ன நினைப்பான்? ஒளித்தது பொன்னம்மையேதான்.

"இதாரா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே" என்றார் தளவாய். "இவளுக்க மாப்பிளை. எப்பவும் பிரதமர ஏசுகவனாக்கும்." சொல்லி முடித்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

எஸ்.ஐ. ராஜையனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "தமிழனாணோ நீ?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் பொன்னம்மைக்குத் தம்பியின் காதுதான் தெரிந்தது. மானம், வேலை, முதலாளி, ஐயப்பன் எல்லாம் எங்கேயோ போயிற்று.

"சாரே, அது மொதலாளிக்க வேட்டி! மாலையிட்ட வேட்டி! அவரு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாரு, நாந்தான் எடுக்கல்ல. எனக்குத் தொடப்பிடாது சாரே. நான் தூரமாக்கும்."

ஐந்து ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் சொன்னாள். வயசான போலீஸ்காரன் மெதுவாக "சாமியே" என்று சொல்லிச் சுவரைப் பார்த்தான். எஸ்.ஐ. தளவாயைத் திரும்பிப் பார்த்தார். தளவாய் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கதுதான் சாரே" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிடித்த கைக்கு விடுவதற்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"நீ பிரதமரெ ஏசும், அல்லே? இப்போ பற. பிரதமர் எங்ஙனெ?" பிரதமர் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே சொல்லச் சொன்னார் எஸ்.ஐ.

பொன்னம்மை எஸ்.ஐ.யின் முதுகுக்குப் பின்னால் நின்று ராஜையனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் அவளைப் பார்த்தான். பதிலுக்கு என்றைக்குமே பஞ்சமில்லாத அந்த வாய் பதில் சொன்னது.

"நல்ல ஆளாக்கும் சாரே."

"உறக்கெ பறயடா!" சத்தமாகச் சொல்லச் சொன்னார் எஸ்.ஐ.

"நல்ல ஆளாக்கும்! நமக்கு ஒரு கொறையும் இல்ல!"

எஸ்.ஐ. சிரித்து அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். தளவாய் தானே மேலே ஓடி வேட்டியை எடுத்தார். கீழே வண்டிகள் சர்ரென்று போகிற சத்தம் கேட்டது. வண்டிக்குள் இருந்தவர் யார் என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் பொன்னம்மை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தீட்டோடு தான் போக முடியாததால் பக்கத்து வீட்டுத் தாசம்மாளின் கையால் தேங்காய் விடலை போடவைத்தாள். புருஷன் போலீஸ் கையிலிருந்து முழுசாகத் தப்பினானே! தளவாய் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதைத்தான் நிறுத்தினார்.

ராஜையன் சாயாக்கடைக்குப் போனான். பேப்பரை விரித்தார்கள். "என்னடே, ஒண்ணு சொல்லு" என்று தூண்டினார்கள். "நாட்டுத் தலைவரப் பத்தி நம்ம எதுக்குப் பேசணும்?" என்று சொல்லிச் சாயாவை ஊதினான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று கடை சிரித்தது. அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வீட்டில் ரேடியோவில் செய்தி வந்தால் ஒலியைக் குறைத்தான். ஜன்னலை இழுத்துச் சாத்தினான். காக்கிச் சட்டை போட்ட போஸ்ட்மேனைக் கண்டுகூட எழுந்து நின்றான். தங்கப்பன் ஒருநாள் வந்தான். மச்சானும் மாப்பிளையும் பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட வந்த பொன்னம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு அவனை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். விடவில்லை. இந்த வாய் மூடட்டும் என்று எத்தனை சாமியிடம் வேண்டியிருப்பாள்! இப்போது அதை எந்தச் சாமியிடம் போய்த் திரும்பக் கேட்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடையில் பெரிய வரிசை. இருவரும் நின்றார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்து மண்ணெண்ணெய் இல்லை, மேலேயிருந்து வரவில்லை என்றார். வரிசை முணுமுணுத்தது. ராஜையன் காலி டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வாழ்நாளில் பொன்னம்மை நாலு பேர் நடுவில் அரசியல் பேசியதில்லை. ஆனாலும் தொண்டையைக் கனைத்தாள்.

"வளைவு கெட்டி வரவேத்தாச்சு, ரோட்டுக்குத் தாரும் போட்டாச்சு" என்றாள் உரக்க. "அடுப்பு எரிய எண்ண தர வழியில்லாத இவரு என்ன பிரதமராக்கும்?"

வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ "சரியாணு சேச்சி!" என்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, புருஷனை மட்டும் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா?

ராஜையன் டின்னைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான்.