மாதுளை என்று சொன்னேன்

என் மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, உலகத்தில் இரண்டே விரோதிகள். ஒருவன் சிக்னல் போடாமல் திரும்புகிறவன். இன்னொன்று பீட்ரூட். முதல் விரோதியையாவது மன்னித்துவிடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவருக்கு அவனால்தான் பிழைப்பு. பீட்ரூட் மட்டும் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. "மண்ணைத் தோண்டி அப்படியே வாயில போட்ட மாதிரி இருக்கும்டா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் அதை வாங்கியதில்லை.

நான் ஒரு பேக்கரியில் ஓவனுக்குப் பொறுப்பு. கை வேலையாக இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, நான் நினைச்சா உங்களுக்கே தெரியாம உங்களுக்கு பீட்ரூட் ஊட்டிடுவேன்" என்று சவால் விட்டேன்.

அவர் மீசையை முறுக்கினார். "அப்படி மட்டும் நீ செஞ்சுட்டா, இந்த மீசையை எடுத்துடறேன்டா மாப்ள."

அது லேசுப்பட்ட மீசை இல்லை. அதற்கு முந்தைய வருஷம் அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அறுவை முடிந்து மருந்து ஏற்றியதில் தலைமுடியோடு மீசையும் கொட்டிப்போனது. மொழுமொழுவென்ற அந்த முகத்தோடு அவர் கட்டிலில் கிடந்த நாட்களைப் பற்றி அக்கா பேசவே மாட்டாள். பிறகு மீசை திரும்ப அரும்பியபோது, பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற மாதிரி புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார்கள். அந்த மீசையைத்தான் பந்தயம் கட்டினார்.

கடைசிப் பரிசோதனையில் எல்லாம் சுத்தம் என்று டாக்டர் சொன்னதும், அக்கா விருந்து வைக்க முடிவு செய்தாள். விருந்துக்கு ஒரு பெயர் வேறு: விடியல். வருகிறவர்கள் எல்லோரும் விடிகாலை வானத்தின் நிறங்களில்தான் உடுத்தி வர வேண்டும். டோனட் என் பொறுப்பு. மாமா பால், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டதால் அது எதுவும் கலக்காத வீகன் டோனட்.

"புட்டிச் சாயம் ஒரு சொட்டு என் வீட்டுக்குள்ள வந்துச்சு, தட்டோட தூக்கி வெளிய எறிஞ்சிடுவேன்" என்றாள் அக்கா. "காய், பூ, பழம், அதுல வர்ற நிறம் மட்டும்தான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தாயே."

மஞ்சளுக்கு மஞ்சள்தூள் இருந்தது. ஆரஞ்சுக்குக் கேரட். ஊதாவுக்குச் சங்குப்பூ ஊறவைத்த தண்ணீரில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் போதும். விடியலுக்கு உயிரே அந்த இளஞ்சிவப்புதான். அதற்கு மாதுளைச் சாறு போட்டுப் பார்த்தேன். ஓவனிலிருந்து வெளியே வந்தபோது பழைய செங்கல் மாதிரி இருந்தது. பீட்ரூட் கூடை என் கண்ணில் பட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பீட்ரூட்டைச் சுட்டுத் தோலுரித்து அரைத்து மாவில் சேர்த்தேன். முட்டைக்குப் பதில் ஊறவைத்த ஆளிவிதை, பாலுக்குப் பதில் சோயாப்பால். பீட்ரூட் சாற்றைத் தனியாகச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரைப் பொடியில் குழைத்து மேலே பூசினேன். மண்வாடை போக ஆரஞ்சுத் தோல் துருவல் போட்டேன். விரல்களைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. விருந்துக்குப் போகும்போது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மாமா முதலில் எடுத்ததே இளஞ்சிவப்பு டோனட்டைத்தான். பாதி கடித்துவிட்டு நிறுத்தினார். "இது என்னடா நிறம்?"

"மாதுளை மாமா."

"என் மேல சத்தியமா?"

பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் துளியும் யோசிக்கவில்லை. "உங்க மேல சத்தியமா, மாதுளை."

அவ்வளவுதான், மனிதர் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார். மிச்சத்தை யாரும் தொடாமல் டப்பாவில் எடுத்து வைக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் உண்மையை உடைத்து மீசையைக் கேட்பதுதான் என் திட்டம். வாயைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து அவர் எழுந்து பேச ஆரம்பித்தார். "நான் படுத்துக் கிடந்தப்ப, எனக்கும் என் பொண்டாட்டிக்கும் இந்தப் பய ஒருத்தன்தான் தூணா நின்னான். இவன் சொன்னா எதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன்" என்று என் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "மாமா உன்கிட்ட ஏதாவது சொன்னாராடா?"

பீட்ரூட் விஷயம் வெளியாகிவிட்டது போலிருக்கிறது! "என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலையா? சரி விடு." பிறகு அவளே ஆரம்பித்தாள். "இன்னைக்கு என்னைக் கூப்பிட்டு ஸ்டியரிங் முன்னால உக்கார வச்சார்டா. இத்தனை வருஷமா கார் சாவியைத் தொட விடாத மனுஷன், 'நீயும் கத்துக்கோ, உதவும்'னு சொல்றார்."

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவர், பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லித் தரலைன்னா பேர் கெட்டுடும்னு இப்பவாவது உறைச்சுச்சே" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். பந்தயம் பத்திரமாக இருக்கிறது என்ற சந்தோஷம் எனக்கு. அக்கா சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாமா பேக்கரியின் பின்வாசல் வழியாக வந்தார். வெண்ணெய் வாசனை ஆசை காட்டும் என்று அந்தப் பக்கமே வராதவர். மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். "கதவைச் சாத்துடா."

சாத்தினேன்.

"உங்க அக்காட்ட மூச்சு விடக்கூடாது. ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேர்ந்து ஒண்ணுக்கு சிவப்பாப் போகுதுடா. மொதல்லயும் இப்படித்தானே ஆரம்பிச்சுது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. "மறுபடியும் அந்தக் கட்டில்ல என்னால கிடக்க முடியாது மாப்ள. டாக்டர்கிட்ட போகவே காலு வரல. அவ தனியா நின்னுடக் கூடாது. காராவது ஓட்டத் தெரிஞ்சா அவ பாட்டுக்குப் போய் வருவா இல்ல? மத்ததை நீ பாத்துக்கணும்."

ஐயோ என்று கத்தியிருக்க வேண்டும். இரண்டு ராத்திரி இந்த மனிதர் சாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

"மாமா, அது மாதுளை இல்ல. பீட்ரூட். மாவுலயும் பீட்ரூட், மேல பூசினதும் பீட்ரூட். சில பேருக்கு அதனால சிவப்பாப் போகும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

என்னையே பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டினார். "என்னைத் தேத்தறதுக்கு உனக்கு வேற பொய் கிடைக்கலையாடா?"

"சத்தியமா மாமா!"

"அன்னைக்கும் சத்தியம்தானே பண்ணினே."

நான் நகக்கண்ணைக் காட்டினேன். "பேக்கரியில உனக்கு இதுதானே வேலை, எத்தனையோ கேக் செய்வே" என்றார். அவரை நம்ப வைக்க என்ன சொல்வதென்று தெரியாமல், "நானும்தான் அன்னைக்கு நாலு சிவப்பு டோனட் தின்னேன்" என்றேன்.

"உனக்கு எப்படிப் போச்சு?"

நான் மேஜையில் சிந்தியிருந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் போனது. அவர் தலையை ஆட்டினார், அதோடு பேச்சு முடிந்த மாதிரி. அந்த நிமிஷம் எனக்கும் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அது பீட்ரூட் இல்லையென்றால்? என் பொய்க்கும் அவர் நோய்க்கும் சம்பந்தமே இல்லையென்றால்? ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

சிறுநீரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பெஞ்சில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சாமியிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய், இது என் அயோக்கியத்தனமாக மட்டும் இருந்துவிடட்டும்.

டாக்டரம்மா கூப்பிட்டார். "சிறுநீர்ல ரத்தமே இல்ல. பீட்ரூட் நிறம் சில பேர் உடம்புல அப்படியே வெளிய வரும், சில பேருக்கு வராது. பயப்பட ஒண்ணுமில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் உடம்பு இருக்கிற இருப்புக்கு, சமைச்சவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மாமா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவரோ நடுத்தெருவில் நின்று கண்ணீர் வரச் சிரித்தார். "பாவி! பீட்ரூட்டாடா! நான் உயில் எழுதற வரைக்கும் போயிட்டேன்டா!" பக்கத்திலேயே ஒரு முடிதிருத்தும் கடை. "பேச்சுன்னா பேச்சு" என்று உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வேண்டாம் மாமா என்று நான் கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை. உயிர் திரும்பி வந்த மனிதர், மீசை எம்மாத்திரம்?

வழியெல்லாம் மழித்த உதட்டைத் தடவிக்கொண்டே வந்தார். "அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. பந்தயத்துல தோத்துட்டேன்னு மட்டும் சொல்லிக்கலாம். மத்தது நம்மோட போகட்டும்."

அழைப்பு மணி அடித்ததும் அக்கா கதவைத் திறந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வை அந்த வெறும் உதட்டிலேயே நின்றது. கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடியும் மருந்து ஆரம்பிச்சுட்டாங்களா?"

மாமா சிரிப்பை விழுங்கினார். "என்ன ஆரம்பிச்சுட்டாங்க? என்னம்மா சொல்றே?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்க பாத்ரூம்ல தண்ணி சரியா ஊத்தல. சிவப்பை நான் பாத்தேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லல. சாவியைக் கையில குடுத்தீங்களே, எதுக்குக் குடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதாங்க? தெரியாத மாதிரியே உக்காந்து கிளட்சை மிதிச்சேன். நீங்க இல்லாத சீட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிங்க நான் ஓட்டுவேன்?"

மாமா அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமே இல்ல" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. என் பக்கம் பார்த்தார். இதை நீதான் சொல்ல வேண்டும் என்கிற பார்வை.

நின்றபடியே சொன்னேன். மாதுளை செங்கல் நிறமானது, பீட்ரூட்டைச் சுட்டது, மீசைக்காகச் சொல்லாமல் விட்டது, திங்கட்கிழமை போனில் சிரித்தது, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

தோசை கருகினால் கூட ஒரு மணி நேரம் திட்டுகிறவள் என் அக்கா. அன்று திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாமாவின் உதட்டுக்கு மேலே ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நானும் பக்கத்துலதானே நின்னேன். ஏன்டா, அந்தச் சத்தியத்தை என் மேல பண்ணியிருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்தது; அதற்குக் கூட எனக்கு அங்கே உரிமையில்லை என்று அடக்கிக்கொண்டேன். மாமா மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்து அவள் கையில் திணித்து, "ரிவர்ஸ் இன்னும் பாக்கி இருக்கு, வா" என்றார். இருவரும் வெளியே போனார்கள். கார் உறுமி, நின்று, மறுபடி உறுமியது.

ஃப்ரிட்ஜ் மேலே டோனட் டப்பா இருந்தது. அதில் மாமா இரண்டு நாளாகத் தின்றது போக மிஞ்சியிருந்த சிவப்பு டோனட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் கிளம்பியது அன்றுதான் முதல் தடவை. யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.