விதை பிடிக்காத வரிசை

1
இந்தக் கதை பிறந்தது என் தங்கையின் எரிச்சலிலிருந்து. செடிகளின் மரபணுக்களை ஆராய்கிறவள். அவள் வேலையைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுண்ணா. ஆனா செடி அழுதுச்சு கிழுதுச்சுன்னு எழுதினா பேசமாட்டேன்."

ஆகவே என் முதல் வரி: 'தாகத்தில் அந்தச் செடி கண்ணீர்...' (போச்சு.)

2
விஷயம் இதுதான். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. திறந்தால் காற்று உள்ளே போகும், நீர் ஆவியாக வெளியேறும். மண் காய்ந்தால் துளைகளை மூடவைப்பது சில மரபணுக்களின் வேலை. அவற்றில் ஒன்றைத் தங்கை மாற்றினாள். தண்ணீரை நிறுத்தியதும் மற்ற தொட்டிகளில் இருந்த செடிகள் துவண்டன. அவள் மாற்றிய செடிகளின் வரிசை முன்கூட்டியே துளைகளை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

(இங்கேயே முடித்திருப்பேன். அவள் விட்டால்தானே.)

3
ஆய்வகத்தின் இயக்குநர், ஆராய்ச்சிக்குப் பணம் தரக்கூடிய விருந்தினர்களை அழைத்துவந்து, "வறட்சியைத் தாங்குற செடி" என்று காட்டினார். தங்கை அவர்கள் முன்னாலேயே அந்தச் செடியின் காய் ஒன்றைப் பிளந்தாள். உள்ளே விதையே இல்லை.

"துளை மூடியே இருந்தா காத்து போகாது. காத்தில்லாம செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கும்? உசிரோட இருக்கு, அவ்வளவுதான்."

"அதை அப்புறம் பேசலாமேம்மா."

"அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க சார்."

[இயக்குநரை வில்லனாக்கப் படாதபாடு பட்டேன். 'அவர் நல்லவர்ண்ணா, எங்க எல்லார் வேலையும் போயிடுமோன்னு பயந்தார்' என்று காரியத்தையே கெடுத்துவிட்டாள்.]

4
விருந்தினர்கள் திரும்பி வரவில்லை. செடிகளை அழித்து அறையைக் காலி செய்யும்படி நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்தது.

முடிவு அ: தங்கை வேலையை உதறிவிட்டு... ("நான் ஏன் உதறணும்?")
முடிவு ஆ: இயக்குநர் மன்னிப்புக் கேட்டு... ("கேக்கவே இல்லையே.")

நடந்தது வேறு. இயக்குநர் அந்த அறையின் வாசலில் வந்து நின்றார்.

"விதை இருக்குன்னு பொய் சொல்லச் சொல்லலை. இல்லைன்னும் சொல்லாம இருந்திருக்கலாமேம்மா."

அவள் வரிசை முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

"தூக்கிப் போடப்போற செடிக்கு எதுக்குத் தண்ணி?"

"மூடத் தெரியுது சார். திரும்பத் திறக்கத் தெரியுதான்னு பாக்கணும்."

 அவர் உள்ளே வந்து, நுண்ணோக்கியின் உறையைக் கழற்றி வைத்தார்.

5
"திறந்துச்சா?" என்று போனில் கேட்டேன்.

"இன்னும் பாத்துட்டுதான் இருக்கோம். அதுக்குள்ள நீ எதையாவது எழுதி வைக்காத."

போனை வைத்துவிட்டாள். நான் எழுதவில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் காதில் விழுந்தால் திட்டு எனக்குத்தான்.